சாயம் எவ்வளவு

சேசு மரி சூசை

மேல்சோலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி,
எல்கடுவை வழி.
11.9.1954, சனி காலை

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் சிவலிங்கம். இரண்டு வருஷமாக நீங்கள் மேல் லயத்துக்கு ஏறி வந்து செபம் சொல்லிக்கொடுத்து, போன உயிர்த்த திருநாளுக்கு ஞானஸ்நானம் வாங்க வைத்தீர்களே அழகம்மா, அவளுடைய புருஷன். அவர் கையில் இருக்கும் பெட்டியைத் திறக்கச் சொல்லாதீர்கள். அதில் அவர்களுடைய பிள்ளை இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் பிரசவம். எட்டு மாசம்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவர அவகாசம் இல்லாமல் லயக் காம்பராவில், அவர்கள் இருக்கும் ஒற்றை அறையிலேயே பார்த்தேன். பெண் பிள்ளை. நீலம் பாரித்து வந்தது. தட்டினேன், வாயோடு வாய் வைத்து ஊதினேன். மூன்று தடவை மூச்சு எடுத்தது. நாலாவது வராது என்று பன்னிரண்டு வருஷம் பிரசவம் பார்த்த என் கைக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில், சிவலிங்கம் எனக்கென்று கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது. அதை எடுத்து, நீங்கள் எனக்குச் சொல்லித்தந்த முறைப்படியே பிள்ளையின் தலையில் மூன்று தரம் ஊற்றி, "அருளாயி, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை. சொல்லி முடிக்கும்போது உயிர் இருந்தது. நெஞ்சில் விரலை வைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

அருளாயி என்ற பெயர் அழகம்மா முன்னமே நினைத்து வைத்திருந்தது. அவளுக்கு இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் செத்துப் பிறந்ததும், இரண்டையும் ஓடைக்கரையில் புதைத்ததும், ஐப்பசி மழையில் அந்தக் கரையே இடிந்து போனதும் உங்களுக்குத் தெரியும். "இதையாச்சும் சிலுவை வச்ச எடத்துல வைக்கச் சொல்லுங்கம்மா" என்கிறாள். வேறொன்றும் கேட்கவில்லை. பெரிய சுவாமியிடம் சொல்லி இன்றைக்கே நம் சேமக்காலையில் அடக்கம் பண்ணிவிடுங்கள்.

சிவலிங்கம் நம் வேதத்துக்கு வராதவர். நெற்றியில் திருநீறு இருக்கும். அதற்காக வாசலில் நிறுத்திவிடாதீர்கள். ஏழு மைல் நடந்து வருகிறார், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் வாயில் படவில்லை.

உங்கள் தங்கை
நேசம்மா


மிஷன் வீடு, பூவத்தை,
உக்குவளை வழி.
13.9.1954

என் அன்புத் தங்கை நேசத்துக்கு,

சேசுவின் சமாதானம் உனக்கு உண்டாகட்டும். எனக்கு அது இரண்டு நாளாக இல்லை.

சிவலிங்கம் பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தார். விறாந்தையில் பாய் போட்டு உட்கார வைத்தேன். பெட்டியைக் கீழே வைக்க மாட்டேன் என்று மடியிலேயே வைத்திருந்தார். பெரிய சுவாமிக்கு நம் கையெழுத்து வாசிக்க வராது என்பது உனக்குத் தெரியும். முப்பது வருஷம் இந்த நாட்டில் இருந்தும் தோட்டத்துப் பேச்சு அவருக்குப் பாதிதான் பிடிபடும். உன் கடிதத்தை என்னையே சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

தேத்தண்ணி என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடி வாசிக்கச் சொன்னார். "தேயிலையா, தண்ணீரா?" என்று கேட்டார். தேயிலை போட்ட தண்ணீர் என்றேன். உள்ளே போய் இலத்தீன் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து வெகு நேரம் புரட்டினார்.

நேசம், ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் வேண்டும். மழைத் தண்ணீர் செல்லும், கடல் தண்ணீர் செல்லும், சேற்றுத் தண்ணீர்கூடச் செல்லும். பால் செல்லாது, எண்ணெய் செல்லாது. தேத்தண்ணியும் செல்லாது. இது பெரிய சுவாமி போட்ட சட்டம் இல்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மந்திரித்த நிலத்தில் வைக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. அதனால் சேமக்காலை வேலிக்கு வெளியே, கொக்கோ மரத்தடியில் குழி எடுத்தோம்.

அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதே. பூசை உடுப்பு ஒன்றும் போடாமல் வெறும் அங்கியோடு கூடவே வந்தார். செபம் சொல்ல அவருக்கு முடியாது. குடையை விரித்து, மண் போட்டு முடியும்வரை, சிவலிங்கத்துக்கும் பெட்டிக்கும் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார். சிவலிங்கம் வேலிக்கு உட்பக்கம் பார்த்தார். "உள்ளுக்கு எடமில்லைங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டார். இடம் இருந்தது.

ஒரு வழி இருக்கிறது. தேத்தண்ணியின் சாயம் மிகவும் வெளிறியதாக இருந்தால், அது தண்ணீர்தானோ என்று சந்தேகப்படலாமாம். சந்தேகம் இருந்தால் பிள்ளையின் பக்கம் முடிவு சொல்லி, வேலிக்குள் மாற்றி வைக்கலாம் என்று அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறதாம். பிள்ளையை மடியில் வைத்திருக்கிற தகப்பனிடம் இதைக் கேட்கக் கூடாது, உன் தங்கையைக் கேள் என்றார் சுவாமி. ஆகவே கேட்கிறேன். சாயம் எவ்வளவு? கோப்பையின் அடி தெரிந்ததா? நன்றாக யோசித்து எழுது.

உன் அண்ணன்
இஞ்ஞாசிமுத்து


மேல்சோலை
20.9.1954

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் எனக்குச் சிரிப்பு வந்தது. வார்டில் படுத்திருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். ஃபெக்டரியில் தேயிலை ருசி பார்க்கிற தொரையும் வாயில் வைத்துத் துப்பிவிட்டுத்தான் சொல்வார். நான் சாகிற பிள்ளையைப் பார்த்தேனா, கோப்பையின் அடியைப் பார்த்தேனா? உங்கள் புத்தகத்தை எழுதினவர் யாரும் லயக் காம்பராவில் முட்டி போட்டு உட்கார்ந்து பிள்ளை எடுத்திருக்க மாட்டார்.

சிவலிங்கம் வீட்டுக்குத் திரும்பி வந்து என்ன சொன்னார் தெரியுமா? பிள்ளையை உள்ளேதான் வைத்தார்கள், சாமியாரே குடை பிடித்து மரியாதையாக நடத்தினார் என்று சொல்லியிருக்கிறார். குடை பிடித்தது நிஜம். மற்றது அந்த மனுஷன் வழியில் ஏழு மைலும் நடந்து நடந்து தயார் பண்ணின பொய். வேதத்துக்கு வராதவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, பாருங்கள். எட்டு நாள் அழகம்மா அதை நம்பிக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தாள். நேற்று பூசைக்குக் கீழே போய்வந்த பெண் ஒருத்தி, கொக்கோ மரத்தடியில் புது மண் கிடக்கிறதே, அது யாருடையது என்று அவளிடமே வந்து கேட்டுவிட்டாள்.

பச்சை உடம்போடு எழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். அழவில்லை. என்னிடம் நியாயம் கேட்கிற மாதிரி கேட்டாள். "ஏம்மா, உபதேசியார் ஐயா அப்பவே சொன்னாங்களே, ஒரு மூச்சு விட்ட புள்ளைக்கும் எங்க சேமக்காலையில பேரு எழுதின சிலுவை உண்டுன்னு. அத நம்பித்தான நான் வேதத்துக்கு வந்தேன். என் புள்ள மூணு மூச்சு விட்டுச்சே."

நீங்கள் கொடுத்த வாக்கு அது. மாமியார்க்காரி வேறு அவளை நாள் முழுக்கக் குத்திக்கொண்டிருக்கிறாள். மாத்தளை மாரியாத்தாளுக்கு வருஷா வருஷம் மாவிளக்கு ஏற்றினவள் மதம் மாறிப் போனாள், மாரியும் கைவிட்டாள், மாதாவும் கைவிட்டாள் என்று.

சர்வேசுரன் சாயம் பார்க்கிறவரா, அண்ணா? சிலுவையில் தொங்கும்போது பக்கத்தில் தொங்கின கள்ளனுக்கு எந்தத் தண்ணீரை ஊற்றி மோட்சம் கொடுத்தார்? அப்போது யாராவது புத்தகம் புரட்டினார்களா? தேத்தண்ணியிலும் தண்ணி இருக்கிறது. பெயரிலேயே இருக்கிறது. சுவாமிக்கு அதை எடுத்துச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா?

நேசம்மா


மிஷன் வீடு, பூவத்தை
27.9.1954

அன்புத் தங்கைக்கு,

நீ எழுதியது எல்லாம் எனக்குத் தகும். அந்த "மூணு மூச்சு" ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்திலும் என்னை விடவில்லை. பாட்டு எடுத்துக் கொடுக்க வேண்டிய இடத்தில் நான் வாயைத் திறக்காமல் நின்றேன், சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாக்கைக் கொடுத்தபோது நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த சட்டத்தைத்தான் சொன்னேன். "ஞானஸ்நானம் பெற்ற" என்ற இரண்டு சொல்லை மட்டும் அவளிடம் அழுத்திச் சொல்லவில்லை. நீ பக்கத்தில் இருக்கிறாயே, தவறாது என்ற தைரியம்.

சர்வேசுரன் சாயம் பார்க்கிறவரா என்று கேட்டிருக்கிறாய். இல்லை என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அவனவனுக்குப் படுவதை வைத்துக்கொண்டு ஒரு சபை எப்படி நிற்கும்? உள்ளே இருக்கிற விசுவாசம் தண்ணீர் என்றால், கோவிலும் சட்டமும் கோப்பை. கோப்பை இல்லாமல் தண்ணீர் தரையில்தான் ஓடும். இருபது வருஷமாக இதைத்தான் நான் லயம் லயமாகப் போய்ச் சொல்கிறேன். இப்போது இதை எழுதும்போது நீ கோப்பையைப் பற்றி என்ன பதில் எழுதுவாய் என்பதும் எனக்குத் தெரிகிறது. எழுதாதே.

உன்னிடம் ஒன்று சொல்லாமல் விட்டேன். அன்றைக்குக் கடிதத்தை வாசித்தவன் நான். சுவாமிக்கு நம் எழுத்துத் தெரியாது. தேத்தண்ணி என்ற இடத்தில் முன் பாதியை விழுங்கிவிட்டுத் தண்ணி என்று வாசித்திருந்தால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. "தேத்." அவ்வளவுதான். என் கண் அதைக் கண்டது. நாக்கு ஒரு கணம் நின்றது. எதிரே சிவலிங்கம் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அப்படியிருந்தும், உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும் என்று வாசித்தேன். வாசித்து முடித்தபோது நான் ஒரு சோதனையை வென்றதாகவே நினைத்தேன், நேசம். அதுதான் எனக்கு இப்போது தாங்கவில்லை.

அதனால் உன்னைக் கெஞ்சுகிறேன். சாயம் வெளிறியிருந்தது என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. உனக்கு நிச்சயமாகத் தெரியாது என்றுதானே சொல்கிறாய்? தெரியாததில் கொஞ்சம் இளகினால் அது பெரிய பாவம் ஆகாது. அழகம்மாவிடம் ஒருமுறை சாடையாக விசாரித்துப் பார். அவள் வீட்டில் தூள் எவ்வளவு போடுவார்கள், எல்லாத் தோட்டச் சனங்களையும்போல வெளிறத்தானே குடிப்பார்கள்.

உன் அண்ணன்
இஞ்ஞாசிமுத்து


மேல்சோலை
10.10.1954

அண்ணனுக்கு,

கோப்பையைப் பற்றி எழுதாதே என்று சொன்னதால் எழுதவில்லை.

நீங்கள் சொன்னபடி அழகம்மா வீட்டுக்குப் போனேன். நான் படியேறின உடனேயே அவள் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டாள். வேண்டாம் என்றால் கேட்கிற பெண் இல்லை. அடுப்புப் பக்கத்தில் ஒரு சிரட்டையில் கொதித்த தேயிலையை உலர்த்தி வைத்திருந்தாள். இது எதற்கு என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"அது எங்களுக்குங்கம்மா. ரெண்டாந்தரம், மூணாந்தரம் கொதிக்க வச்சுக் குடிப்போம். வெந்நித் தண்ணி மாதிரிதான் இருக்கும், அடி தெரியும். தூளு மாசத்துக்கு ஒருக்காத்தான தர்றாங்க." சொல்லிக்கொண்டே தகரத்தைத் திறந்து புதுத்தூளை அள்ளினாள். "நீங்க வந்தா அப்படிக் குடுக்க முடியுமா? அன்னைக்கும் அவரு ரெண்டு கரண்டி புதுத்தூள் போட்டுத்தான் கொண்டாந்து வச்சாரு. ஆஸ்பத்திரி நோனாவுக்கு வெளிறிப்போனத வைக்காத, நல்ல கடுஞ்சாயமா வையின்னு நான்தான் வலியோட வலியாச் சொன்னேன்."

என் கையில் அவள் கொடுத்த கோப்பை. அடி தெரியவில்லை. கறுப்பாக இருந்தது.

முகத்தை மறைக்கத் தெரியாத சாதி நான். "ஏம்மா, என்னம்மா?" என்றாள். சமாளித்தேன், அவள் விடவில்லை. கடைசியில் சாயம் எவ்வளவு என்று நீங்கள் கேட்டதையும், ஏன் கேட்டீர்கள் என்பதையும் சொல்லிவிட்டேன். அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்தாள். பிறகு, "அப்ப நாங்க மரியாத பண்ணினதுதான் குத்தமாப் போச்சா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ விளங்கிவிட்டமாதிரி சொன்னாள். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன். அதைக் குடிக்காமல் அந்த வீட்டை விட்டு எழுந்து வர எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் ஒன்றை ஒளித்ததாக எழுதினீர்கள். நானும் ஒன்றை ஒளித்திருக்கிறேன். சேற்றுத் தண்ணீர்கூடச் செல்லும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிக்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை. அன்றைக்கு என் இடது பக்கத்தில் ஒரு வாளி இருந்தது. லயத்துத் தண்ணீர்ப் பீலி வற்றிப் போய், ஓடைக் குழியில் அள்ளிக் கொண்டுவந்த கலங்கல் தண்ணீர். முக்கால் வாளி. கொதிக்க வைத்த தண்ணீரெல்லாம் பிரசவத்துக்கே தீர்ந்துவிட்டது. பிள்ளை மூன்றாவது மூச்சு விட்டபோது என் கை முதலில் அந்த வாளிக்குத்தான் போனது. போன கை திரும்பிக் கோப்பைக்கு வந்தது. ஏன் தெரியுமா? கண்டியில் படிக்கப் போன முதல் நாளே எங்களுக்குச் சொல்லித்தந்தது, கொதிக்காத தண்ணீர் பிறந்த பிள்ளைமேல் ஒரு சொட்டும் படக்கூடாது என்று. பன்னிரண்டு வருஷமாக இந்த லயங்களில் ஆயாமார்களோடும் மாமிமார்களோடும் அதற்காகவே நான் சண்டை பிடிக்கிறேன். தேத்தண்ணி கொதித்தது, வாளி கொதிக்காதது. அவ்வளவுதான் கைக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம்கூட உயிரோடு இருக்கப் போகாத பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்துவிடும் என்று பயந்திருக்கிறேன், அண்ணா.

உங்கள் புத்தகத்தைத் திட்டினேன். என்னிடமும் ஒரு புத்தகம் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் சட்டம் தவறாமல் நடந்தோம், அருளாயி வெளியே கிடக்கிறாள்.

நீங்கள் கேட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். "சாயம் மிகவும் வெளிறியிருந்தது. கோப்பையின் அடி தெரிந்தது. இது சத்தியம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முன்னே நிச்சயம் தெரியாமல் எழுதியிருந்தால் நீங்கள் சொன்னமாதிரி இளகினது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது தெரிந்தே எழுதுகிறேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் முடியாது. சொல்லவேண்டியது அதே பெரிய சுவாமியிடம். சொல்லாமல் நற்கருணை வாங்க எனக்குத் துணிவு இல்லை. ஆகவே இனிமேல் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோவிலில் தேட வேண்டாம். பொய் சொல்லிப் பிள்ளையை உள்ளே விடுகிறேன், நான் வெளியே நின்றுகொள்கிறேன். கொடுத்துவிடுங்கள்.

நேசம்மா


மிஷன் வீடு, பூவத்தை
16.10.1954

நேசத்துக்கு,

தாள் கிடைத்தது. பெரிய சுவாமி காய்ச்சலாகப் படுத்திருக்கிறார். எழுந்ததும் கொடுக்கிறேன். நீ அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் போய்விடாதே. வாளியைப் பற்றி யாரிடமும் சொல்லாதே.

இஞ்ஞாசிமுத்து


மேல்சோலை
28.10.1954

அண்ணனுக்கு,

சுவாமி கோவிலில் பூசை வைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். காய்ச்சல் போய் ஒரு கிழமை ஆகிறதாம். தாளைக் கொடுத்தீர்களா?

மழை பிடித்துவிட்டது. கொக்கோ மரத்தடி மண் கரைகிறதா என்று அழகம்மா கேட்கிறாள். போய்ப் பார்த்து எழுதுங்கள்.

நேசம்மா


மிஷன் வீடு, பூவத்தை
3.11.1954

நேசம்,

மண் கரையவில்லை. நான் சுற்றிலும் கல் வைத்திருக்கிறேன்.

தாளைக் கொடுக்கவில்லை. மூன்று தடவை சுவாமியின் அறை வாசல்வரைக்கும் போனேன். மூன்று தடவையும் வேறு ஏதோ வேலைக்கு வந்தவனைப்போல எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் தாளை வாங்கி, "இதை உன் தங்கை எழுதினாளா, நீ எழுத வைத்தாயா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயம். சகல ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது, அன்றைக்குச் சேமக்காலையிலேயே வைத்துக் கொடுத்தால் அவருடைய மனமும் இளகியிருக்கும் என்று நாள் தள்ளினேன். அந்தத் திருநாள் நேற்று.

பூசை முடிந்து எல்லோரும் மெழுகுவர்த்தியோடு சேமக்காலைக்குப் போனோம். மழை விட்டிருந்தது. சுவாமி ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து வந்தார். தீர்த்த வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான். உன் தாள் என் சட்டைப் பைக்குள் இருந்தது. கடைசி வரிசை முடிந்ததும், வேலி ஓரத்தில் வைத்து, சொல்லிவிட வேண்டும் என்று வாயில் செபம்போல அதையே உருப்போட்டுக்கொண்டு வந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அழகம்மா நின்றாள். தனியாக வந்திருந்தாள். தலையில் முக்காடு, நான் கொடுத்த செபமாலை கழுத்தில், கையில் ஒரு கரிபிடித்த கேத்தல். எல்லோரும் பார்க்க, குனிந்து, நான் வைத்த கல் வட்டத்துக்குள்ளே மெதுவாக மூன்று தரம் ஊற்றினாள். பிறகு வேலிக்கு வந்து கேத்தலின் மூடியைத் திறந்து எனக்குக் காட்டினாள்.

"ஐயா, இது நாங்க குடிக்கிற தேத்தண்ணி. மூணாந்தரம் கொதிக்க வச்சது. பாருங்க, அடி தெரியுது. இப்ப ஊத்தினது சரியா இருக்குமான்னு சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

நேசம், அவள் கேலி பண்ணவில்லை. அப்படிப் பண்ணியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஏழு மைல் சேறும் சகதியும் நடந்து, சிந்தாமல் கொண்டுவந்திருந்தாள். சாயம் வெளிறியிருந்தால் உள்ளே எடுப்பார்கள் என்று நீ சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். செத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை என்பதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் சொல்லவே இல்லை. அதைச் சொல்லும்படி வரும் என்று நான் நினைக்கவில்லை.

சுவாமி என் பக்கம் திரும்பினார். "அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

நான் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம். அவர் குடை பிடித்தவர். அந்தக் கேத்தலைக் கண்டிருந்தால், அவள் கேட்டதைக் கேட்டிருந்தால், தன் புத்தகத்தை மூடியிருப்பாரோ என்னவோ. மூடாமலும் இருந்திருப்பார். ஆனால் அவளுடைய கேள்வி அவர் காதில் விழுந்திருக்கும். என் இருபது வருஷ உபதேசத்தில் நான் கேட்ட ஒரே நிஜமான செபம் அது, அதை நான்தான் நடுவில் நின்று கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. சொன்னால் கடுஞ்சாயக் கதையும் வெளியே வரும், உன் தாள் பொய் என்றாகிவிடும், அவளுக்கு முன்னாலேயே சுவாமி இன்னொரு தரம் முடியாது என்று சொல்ல வேண்டிவரும் என்றெல்லாம் பிறகு நான் காரணம் கட்டிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் இதொன்றும் என் மனதில் இல்லை. சனங்கள் பார்க்கிறார்களே என்று வெட்கமும் பயமும்தான் இருந்தது.

"செடிக்குத் தண்ணி ஊத்துறாளாம், சுவாமி" என்றேன்.

அங்கே செடி ஒன்றும் இல்லை. சுவாமி தலையை ஆட்டிவிட்டு, மெல்ல நடந்து கோவிலுக்குத் திரும்பினார். நான் தமிழில்தான் சொன்னேன். அழகம்மாவுக்குக் கேட்டது. கேத்தலை மூடினாள். செபமாலையைக் கழற்றி, எறியாமல், கவனமாக வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு, வந்த வழியே போனாள். இன்று காலையில் போய்ப் பார்த்தேன். அது அங்கேயே தொங்குகிறது. எடுக்க எனக்குக் கை வரவில்லை.

உன் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி அதைக் கொடுக்க என்னால் முடியாது. நீ அதைக் கிழித்துவிட்டுக் கோவிலுக்கு வா. கொடுக்காத பொய்க்கு உன்னை யாரும் வெளியே நிறுத்த முடியாது. நான் இந்த மாதக் கடைசியோடு உபதேசியார் வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். யாரிடம் போய் என்ன சொல்லிக்கொடுப்பது?

அன்றைக்கு விறாந்தையில், அந்தப் பெட்டிக்கு முன்னால், ஒரு "தேத்"தை விழுங்கியிருக்க வேண்டும். அப்போது முடியவில்லை, நேற்று விழுங்கிவிட்டேன்.

இஞ்ஞாசிமுத்து